பள்ளத்தாக்கின் அடியில் ஒரு சிற்றூர்

அமெரிக்கா என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன வானளாவிய மாடங்களும், எண்ணிறந்த மோட்டார் வண்டிகள் விரையும் நெடுஞ்சாலைகளுமே ஆகும். ஆனால் அந்நாட்டின் மேற்குப் பகுதியில், அரிசோனா மாநிலத்தில், இன்றளவும் சாலை சென்று சேராத ஊர் ஒன்று உண்டு. அஞ்சல் அங்கே கோவேறு கழுதையின் முதுகில் ஏறிச் செல்கிறது. சூப்பாய் என்பது அவ்வூரின் பெயர். 2010ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தவர்கள் 208 பேர். நம் கல்லூரியில் ஒரு துறையின் மூன்றாண்டு மாணவர்களையும் ஒரே அறையில் அமர்த்தினால் ஏறக்குறைய அந்த ஊர் வந்துவிடும்.

கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கை நாம் புவியியலில் படிக்கிறோம். ஆற்று அரிமானம், பாறை அடுக்குகள், அவற்றின் வயது ஆகியவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு வருகிறோம். அப்பள்ளத்தாக்கினுள் மனிதர் பல நூறு ஆண்டுகளாகப் பயிர் செய்து வாழ்கின்றனர் என்பதை நான் படித்த பாடநூல் எதுவும் சொல்லவில்லை. இக்கட்டுரைக்கு இவ்வூரை நான் தேர்ந்ததற்கு அதுவே முதற்காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அஃது ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றியது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

அமைவிடம்

பெரும் பள்ளத்தாக்கின் தென்புறத்தில் கிளையாகப் பிரியும் ஹாவசூ பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் சூப்பாய் அமைந்துள்ளது. பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, ஆளரவமற்ற மேட்டுநிலத்தில் 60 மைலுக்கு மேல் சென்றால் ஹுவாலபாய் ஹில்டாப் என்னும் விளிம்பு வருகிறது. அதன் உயரம் ஏறத்தாழ 5,200 அடி. சாலை அத்துடன் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து 8 மைல் ஒற்றையடிப் பாதை. ஊரின் உயரமோ 3,200 அடி. ஆக 2,000 அடி இறங்க வேண்டும். அவ்விறக்கத்தில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே செங்குத்தாக வந்துவிடும். பின்னர் வறண்ட ஓடையின் படுகையிலேயே நடை. நடந்து போகலாம், குதிரையில் போகலாம், பணமிருந்தால் ஹெலிகாப்டரில் போகலாம். நான்காவது வழி கிடையாது.

ஆகவே அரிசியென்றும் மாவென்றும் மருந்தென்றும் ஊருக்கு வேண்டிய பொருள்களிற் பல அஞ்சற் பொதிகளாகவே கோவேறு கழுதைகளின் மேல் இறங்குகின்றன. 1896இல் தொடங்கிய அஞ்சலகம் அது. அங்கிருந்து புறப்படும் கடிதங்களில் கழுதைகள் சுமந்து வந்த அஞ்சல் என்பதைக் குறிக்கும் தனி முத்திரை பதிக்கப்படுகிறது. முத்திரை சேகரிப்போர் அதனைப் பெரிதும் விரும்புவர். ஊராருக்கு அது வேடிக்கையன்று, விலைவாசி.

ஊருக்கு மேலே செம்பாறைச் சுவரின் உச்சியில் விக்லீவா எனப்படும் இரு கற்றூண்கள் நிற்கின்றன. அவை ஊரைக் காக்கின்றன என்பதும், அவை விழும் நாளில் பள்ளத்தாக்கின் சுவர்கள் நெருங்கி ஊர் அழியும் என்பதும் அம்மக்களின் நம்பிக்கை. இருபுறமும் அத்தகைய சுவர்கள் நெருக்கி நிற்கும் இடத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு இவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

நீரின் வரலாறு

இங்கு ஆண்டு மழை பத்து அங்குலத்தை எட்டுவதில்லை. அவ்வகையில் இது பாலை. ஆயினும் ஊரின் நடுவே வற்றாத ஓடை ஓடுகிறது. அதன் இருகரையிலும் இலவ மரத்தை நினைவூட்டும் பஞ்சு விதைகளைக் காற்றில் விடும் காட்டன்வுட் மரங்கள், வில்லோ மரங்கள், சோளக்கொல்லைகள். நம் ஐந்திணைப் பகுப்பை அறிந்த தமிழாசிரியர் ஒருவரை அங்கு கொண்டுபோய் நிறுத்தினால், பாலைக்குள் ஒரு மருதம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாரேயன்றி வேறு வழியறியார்.

இந்நீர் எங்கிருந்து வருகிறது? தெற்கே பரந்து கிடக்கும் கொகொனீனோ மேட்டுநிலத்தின் மேல் விழும் மழையும் பனியும் சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, நெடுங்காலம் நிலத்தடியில் நகர்ந்து, ஊருக்குச் சற்று மேலே ஊற்றாகப் பீறிடுகின்றன. வினாடிக்கு 60 கன அடிக்கு மேல் நீர். வெப்பநிலை கோடையிலும் குளிர்காலத்திலும் ஒன்றுபோல 70 டிகிரி பாரன்ஹீட் அளவு. ஊற்றுக்கு மேலே ஓடை வறண்ட மணற்படுகை; கீழே ஆறு. இப்படிப்பட்ட ஒரு கோடு நிலப்படத்தில் அரிதாகவே காணக்கிடைக்கும்.

நிலத்தடியில் இருக்கும்பொழுது நீரில் கரியமில வாயு மிகுதியாகக் கரைந்திருக்கிறது. அதனால் அது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. வெளியே வந்து பாறைகளில் மோதிச் சிதறும்பொழுது வாயு வெளியேறுகிறது. சுமக்க இயலாத சுண்ணம் உடனே படியத் தொடங்குகிறது. ஓடையில் விழுந்த சுள்ளி, இலை, வேர் எதுவாயினும் அதன்மேல் வெண்மையான தோல் படர்ந்து, நாளடைவில் கல்லாகிறது. இப்படிவினை டிராவர்டைன் என்பர். படிவு வளர்ந்து வளர்ந்து தானே ஒரு தடுப்பணையாகிறது. அதன் பின்னே குளம் தேங்குகிறது. வெண்சுண்ணத் தரையும் நீரில் மிதக்கும் நுண்துகள்களும் சேர்ந்து நீருக்கு நீலமும் பச்சையும் கலந்த அரிய நிறத்தை அளிக்கின்றன. ஹா என்றால் நீர். வசூ என்றால் நீலப்பச்சை. பாய் என்பது மக்கள். ஹாவசூப்பாய் என்னும் குடிப்பெயர் இவ்வாறு நீரிலிருந்தே பிறந்தது. மேட்டுநில யூமன் மொழிக் குழுவைச் சேர்ந்த அவர்களது மொழி இன்றும் அவ்வூரில் வீட்டு மொழியாகவும் தெரு மொழியாகவும் பேசப்படுகிறது. சில நூறு பேரே பேசும் மொழி ஆங்கிலக் கடலின் நடுவே உயிரோடிருப்பதற்கு அந்த 8 மைல் பாதையும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

ஊருக்குக் கீழே ஓடை அருவி அருவியாக இறங்குகிறது. ஹாவசூ அருவி சுமார் 100 அடி. அதற்கும் கீழேயுள்ள மூனி அருவி 190 அடிக்குக் குறையாது. 1880களின் தொடக்கத்தில் ஈயமும் வெள்ளியும் தேடி வந்த கூட்டத்தில் மூனி என்பவர் கயிற்றில் இறங்க முயன்று விழுந்து மாண்டார்; அருவிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. காலங்காலமாக அங்கே வாழ்ந்தவர்கள் அதற்கு வைத்திருந்த பெயரை விட்டுவிட்டு, வந்து விழுந்தவர் பெயரை நிலப்படத்தில் எழுதினார்கள். நிலப்படம் வரைவோர் எந்தப் பக்கத்தில் நிற்கின்றனர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நீர் கொடுப்பது போலவே எடுக்கவும் செய்கிறது. ஊற்றுக்கு மேலுள்ள வறண்ட படுகை மிகப் பரந்த நிலப்பரப்பின் வடிகால் ஆகும். மேட்டில் பெருமழை பெய்தால் சில மணி நேரத்தில் அத்தனை வெள்ளமும் ஒரு குறுகிய பிளவின் வழியே ஊருக்குள் பாய்கிறது. 1910 சனவரியில் ஊரும் அரசு அலுவலகக் கட்டடங்களும் அடித்துச் செல்லப்பட்டன. 1990, 1993 ஆகிய ஆண்டுகளிலும் வெள்ளம் வந்தது. 2008 ஆகஸ்டில் மேலேயிருந்த மண் அணை ஒன்று உடைய, ஓடை தன் வழியையே மாற்றிக்கொண்டது. நவாஹோ அருவி வறண்டு நின்றது, பக்கத்தில் புதிய அருவிகள் பிறந்தன. 2024 ஆகஸ்டு வெள்ளத்தில் சுற்றுலா வந்த ஒருவர் உயிரிழந்தார். பலர் இராணுவ ஹெலிகாப்டர்களில் மீட்கப்பட்டனர். ஒவ்வொரு வெள்ளமும் டிராவர்டைன் அணைகளை உடைக்கும். நீர் மறுநாளே அவற்றைக் கட்டத் தொடங்கும்.

இரு பருவ வாழ்க்கை

இம்மக்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரு செய்தியை மனத்திற் கொள்ள வேண்டும். அவர்கள் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் வாழ்ந்தவர்களல்லர். இளவேனிலில் கீழிறங்கி, ஓடைநீரை வாய்க்கால்களில் திருப்பி, மக்காச்சோளம், அவரை, பூசணி வகைகளைப் பயிரிட்டனர். ஸ்பானியர் வழியாக வந்த பீச் மரமும் பின்னர் அவர்கள் தோட்டத்திற் சேர்ந்தது. ஆகஸ்டில் நடைபெறும் ஊர்த் திருவிழாவுக்கே பீச் பழத்தின் பெயர்தான். அறுவடை முடிந்ததும் மேட்டுநிலத்துக்கு ஏறினர். மான் வேட்டை, பின்யான் பைன் கொட்டை சேகரிப்பு, விறகு, குளிர்காலத்து வெயில் ஆகிய எல்லாம் மேலேதான். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காலத்துச் சூரியன் சிறிது நேரமே எட்டிப் பார்க்கும். கிழக்கே ஹோப்பி ஊர்களுக்கு மான்தோல் கொண்டுசென்று துணியும் மட்கலமும் பெற்று வந்தனர். அவர்களைப் பொறுத்தவரை அடித்தளம் வயல், மேட்டுநிலம் வீடு.

1776இல் பிரான்சிஸ்கோ கார்செஸ் என்னும் ஸ்பானியத் துறவி இறங்கி வந்து சில நாட்கள் தங்கிச் சென்றார். 1881இல் பிராங்க் ஹாமில்டன் குஷிங் என்னும் மக்களியல் அறிஞர் வந்து, தாம் கண்டவற்றை மறு ஆண்டு ஓர் இதழில் எழுதினார். இவ்விருவரும் வந்தனர், விருந்துண்டனர், சென்றனர். அடுத்து வந்தோர் அளவுச் சங்கிலியோடு வந்தனர்.

518 ஏக்கர்

1880இல் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் ஓர் ஆணையின் வழியே ஹாவசூப்பாய்களுக்கென்று பள்ளத்தாக்கையொட்டி ஒரு நிலப்பகுதியை ஒதுக்கினார். 1882 மார்ச்சில் அடுத்த தலைவர்களுள் ஒருவரான ஆர்தர் அதனைச் சுருக்கி, ஊரும் வயலும் மட்டும் அடங்கிய 518 ஏக்கராக்கினார். கோடையில் வந்து பார்த்த அளவையாளர்கள் மக்கள் உழுதுகொண்டிருந்த நிலத்தை அளந்தனர். மேட்டுநிலத்தில் அப்பொழுது யாருமில்லை. ஆகவே அது யாருக்கும் உரியதன்று என்று முடிவு கட்டினர். நம் வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, வீடு காலியாயிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவதற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

மேட்டுநிலம் 1893இல் காட்டுக் காப்பகமாயிற்று. 1908இல் தேசிய நினைவுச்சின்னம். 1919இல் தேசியப் பூங்கா. வேட்டை குற்றமாயிற்று. மேய்ச்சலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. கால்நடைப் பண்ணையாரின் வேலிகள் எழுந்தன.

1928ஆம் ஆண்டை மட்டும் சற்று நின்று நோக்குவோம். அவ்வாண்டு கொலராடோ ஆற்றின் மேல் கைபாப் தொங்குபாலம் கட்டப்பட்டது. அதற்கான இரும்பு வடங்கள் ஒவ்வொன்றும் 550 அடி நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை. வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் எந்த விலங்கும் அவற்றைச் சுமக்க இயலாது. 42 ஆட்கள் வரிசையாக நின்று, பாம்பு ஊர்வது போல வடத்தைத் தோளில் தாங்கி இறக்கினர். அவர்களிற் பெரும்பாலோர் ஹாவசூப்பாய்கள். அதே 1928இல், பூங்காவின் நடுவே இந்தியன் கார்டன் என்று பெயரிடப்பட்ட பசுந்திட்டில் வாழ்ந்து பயிர் செய்துவந்த கடைசி ஹாவசூப்பாய் மனிதரான கேப்டன் பர்ரோ என்பவரைப் பூங்காத் துறை வெளியேற்றியது. தோள் வேண்டியிருந்தது, தோளுக்குரியவர் வேண்டியிருக்கவில்லை. இன்று ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் அவ்விடத்துக்கு இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையே அம்மக்கள் நடந்து உண்டாக்கிய பாதைதான். 2022 நவம்பரில் அவ்விடத்தின் பெயர் அலுவல் முறையில் ஹாவசூப்பாய் கார்டன்ஸ் என்று மாற்றப்பட்டது.

நில உரிமைக் கோரிக்கையோ ஒரு நூற்றாண்டு ஓயவில்லை. இந்தியர் உரிமைக் கோரிக்கை ஆணையம், பறிபோன 22 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கருக்கு 1960களின் இறுதியில் ஈட்டுத்தொகை வழங்கியது: மொத்தம் 12,40,000 டாலர். ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 55 சென்ட். ஆனால் பணம் கேட்டவர்களல்லர் அவர்கள். 1970களில் பூங்காவை விரிவாக்கும் மசோதா வாஷிங்டனுக்கு வந்தபொழுது, அதனுள் தம் நிலத்தைத் திரும்பப் பெறும் விதியைச் சேர்க்க வேண்டுமென்று குடியின் தலைவர்கள் அங்கு சென்று வாதாடினர். எதிர்த்தவர்களுள் முன்நின்றது சியரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்பது நம்மைச் சிந்திக்க வைப்பது. பூங்கா நிலம் தனிக்குழுவின் கைக்குப் போனால் வணிகர் நுழைவர், பிற குடிகளும் கேட்பர் என்று அது அஞ்சியது. ஆதரித்தவர்களுள் ஒருவர் பழைமைவாத அரசியலுக்குப் பெயர்போன பாரி கோல்ட்வாட்டர். நல்லவர், கெட்டவர் என்று நாம் கட்சிப்படி பிரித்து வைத்திருக்கும் பட்டியல் இத்தகைய இடங்களில் உதவுவதில்லை.

1975 சனவரி 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் போர்டு கையொப்பமிட்ட சட்டத்தின் வழியே ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் ஹாவசூப்பாய்களுக்குத் திரும்பியது. மேலும் 95,000 ஏக்கருக்குச் சற்று அதிகமான பூங்கா நிலத்தைத் தம் மரபுவழிப் பயன்களுக்கு ஆளும் உரிமையும் கிடைத்தது. பெரிய அளவில் மரம் வெட்டுதல், சுரங்கம், தொழிற்சாலை ஆகியன கூடா என்னும் கட்டுப்பாடும் உடன் வந்தது. ஊருக்குக் கீழே அருவிகளின் அருகேயிருந்த முகாமிடமும் பூங்காவிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது. இன்று ஊரின் பொருளாதாரம் பெரிதும் அந்த முகாமிடத்தையும் தங்குவிடுதியையும் நம்பியே நிற்கிறது. பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் வெளியார் வருகையை நிறுத்தி, 2023 பெப்ருவரியில்தான் மீண்டும் வழியைத் திறந்தனர். ஏறக்குறைய மூன்று ஆண்டு வருமானத்தை இழந்து தம் முதியோரைக் காத்த முடிவு அது.

இரத்தம்

இனி நான் முன்பு குறிப்பிட்ட பல்கலைக்கழகச் செய்திக்கு வருகிறேன். மேட்டுநில வேட்டையும் உழைப்பும் சுருங்கி, வெளியுணவு பெருகிய பிறகு அம்மக்களிடையே நீரிழிவு நோய் மிகுந்தது. அதற்கு விடை காண வேண்டுமென்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினரை நாடினர். 1990 முதல் 1994 வரை 200க்கும் மேற்பட்டோர் தம் இரத்தத்தை ஆய்வுக்குக் கொடுத்தனர். நீரிழிவுக்கென்று அவர்கள் நம்பிக் கொடுத்த இரத்தம், மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணம், தொன்மைக் காலக் குடிப்பெயர்ச்சி ஆகியன பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. 2003இல் அக்குடியைச் சேர்ந்த மாணவி ஒருவர் அப்பல்கலைக்கழகத்தில் நடந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குச் சென்று அமர்ந்தார். பேசப்படுவது தம் மக்களின் இரத்தம் என்பதை உணர்ந்து, இதற்கு அனுமதி பெற்றீர்களா என்று எழுந்து வினவினார். அந்த ஒரு வினாவிலிருந்தே யாவும் வெளிப்பட்டன.

இதில் இருவகைத் தீங்கு உண்டு. கேட்டது ஒன்று, செய்தது ஒன்று என்பது முதலாவது. இரண்டாவது நுட்பமானது. தாம் இப்பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர், அதனைக் காப்பதே தம் பிறப்பின் கடமை என்பது அவர்களின் மரபு. ஆசியாவிலிருந்து வந்தேறியவர் என்று அவர்களது இரத்தத்தைக் கொண்டே நிறுவுவது, நில உரிமைக்காக நூறாண்டு போராடிய குடியின் கண்ணில் வெறும் அறிவியற் செய்தியாகத் தோன்றுமா? அறிவியல் முடிவு தவறென்று நான் வாதிடவில்லை. கொடுத்தவரைக் கேளாமல் அதனைத் தேடியது தவறு என்கிறேன். 2003இல் குடியின் மன்றம் பல்கலைக்கழகத்தாரைத் தம் நிலத்திற் கால்வைக்கக் கூடாதென்று விலக்கியது. வழக்கு நடந்தது. 2010 ஏப்பிரலில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 41 பேருக்கு 7,00,000 டாலர் வழங்கப்பட்டது. எஞ்சியிருந்த இரத்த மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொள்ள வந்தவர்களில் சிலர் அழுதனர். கொடுத்தவர்களில் இறந்துபோனோரும் இருந்தனர். ஆய்வு நெறி பற்றிய பாடங்களில் உலகெங்கும் இவ்வழக்கு இன்று எடுத்துக்காட்டாகக் கற்பிக்கப்படுகிறது. கள ஆய்வுக்கென்று வினாத்தாளோடு ஊர்களுக்குப் புறப்படும் நம் முதுகலை மாணவர்களும் இதனை அறிந்து செல்வது நன்று.

யுரேனியமும் பள்ளியும்

மேட்டுநிலத்தில் ஹாவசூப்பாய்கள் புனிதமாகப் போற்றும் ரெட் பட் என்னும் குன்றின் அருகே ஒரு யுரேனியச் சுரங்கம் உண்டு. 1986இல் அரசு அனுமதி அளித்தது. குடியினர் வழக்காடித் தோற்றனர். உலோக விலை வீழ்ந்ததால் பல்லாண்டு அது உறங்கிக் கிடந்தது. 2023 ஆகஸ்டு 8இல் அப்பகுதியின் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, புதிய சுரங்க உரிமைகள் தடுக்கப்பட்டன. அதன் பெயரின் முற்பகுதியான பாஜ் நுவாவ்ஜோ என்பது ஹாவசூப்பாய் மொழிச் சொல்லே. ஆயினும் ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த அச்சுரங்கம் தடைக்கு உட்படவில்லை; சில மாதங்களிலேயே கனிமம் எடுக்கத் தொடங்கியது. சுரங்கத்தின் ஆழத்துக்கும் கீழே கிடப்பது சூப்பாய் ஊற்றுக்கு நீர் தரும் அதே சுண்ணாம்புப் பாறை நீரடுக்கு. நீர் கெடாது என்று சுரங்க நிறுவனம் கூறுகிறது. நீர் கெட்டால் போவதற்கு வேறு ஊற்று இல்லை என்று ஊரார் கூறுகின்றனர்.

ஊரில் இருப்பது ஒரே பள்ளி. அதனை நடத்துவது நடுவண் அரசின் இந்தியர் கல்வித்துறை. ஆசிரியர் பற்றாக்குறை, பாடங்கள் நடைபெறாமை, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனியாமை ஆகியவற்றைக் காட்டி 2017 சனவரியில் மாணவர்களே அரசின் மீது வழக்குத் தொடுத்தனர். சட்டம் வாக்களித்த கல்வியைத் தாருங்கள் என்பதே அவர்கள் கேட்டது. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரையே உண்டு. அதற்கு மேல் படிக்க விரும்பும் பிள்ளை, பதின்மூன்று பதினான்கு வயதில், அந்த 8 மைல் பாதையில் மேலேறி, உறவினர் வீட்டிலோ தொலைவிலுள்ள விடுதிப் பள்ளியிலோ போய்ச் சேர வேண்டும். விடுமுறைக்கு வரும்பொழுது அதே பாதையில், அஞ்சற் பொதி சுமந்த கழுதைகளின் பின்னே, இறங்கி வர வேண்டும்.